குகைவாசியின் முகவரி

சென்ற ஆண்டு மழைக்காலத்து இரவொன்றில், இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிச் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தோம். ஹாங்காங்கிலிருந்து நம் பழைய மாணாக்கர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நம் கடற்கரை ஊர்களிலிருந்து மணிக்கல் வாணிகத்தின் பொருட்டு அந்நகரில் குடியேறிய குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்று அவருடையது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் குர்ஆனும் தொடக்க அரபு இலக்கணமும் ஓதியவர். கல்லுக்கு ஜக்காத் உண்டா, கடனுக்கு விற்ற சரக்குக்கு ஆண்டுக் கணக்கு எப்போது தொடங்கும் என்று ஏதேனும் ஒரு மஸ்அலா கேட்பதை இன்றளவும் வழக்கமாகக் கொண்டிருப்பவர். அன்று அவர் கேட்டது ஒரு பல்லியைப் பற்றி.

"ஹஜ்ரத், மகன் ஒரு பல்லியை வாங்கி வளர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். உம்மாவோ, அடித்தால் நன்மை என்று சொல்லப்பட்ட பிராணிக்கு இரை போட்டு வளர்ப்பதா என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இருவரும் கேட்பார்கள்" என்றார்.

மகனுக்கு வயது பதின்மூன்று. மீனும் ஆமையும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து விற்கும் தெருவில், ஏதோ ஒரு கடையில் அதைக் கண்டானாம். விலையைக் கேட்டோம். சொன்னார். நம் மத்ரஸாவில் இரண்டு உஸ்தாதுகளின் மாத ஊதியம் அது. படத்தை அனுப்பி வைக்கும்படி கூறினோம்.

படம் வந்தது. நம் வீட்டுச் சுவரில் ஊர்வது வெளிறிய உடல் படைத்தது. விளக்கொளியில் அதன் வயிற்றுக்குள் இருப்பதும் தெரியும். படத்தில் இருந்ததோ கரும்பழுப்பு மேனி. அதன் குறுக்கே மஞ்சள் பட்டைகள். வெண்ணிற வளையங்கள் இட்ட கரிய வால். ஒல்லியான நீண்ட கால்கள். கண்ணில் மாதுளை முத்தின் சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கண்ணுக்கு இமை இருந்தது. பாடத்தின் நடுவே உறக்கம் தட்டும் சிறுவனைப் போல, பாதி மூடிய இமையோடு அது நம்மை நோக்கியது.

நாம் அந்த மூதாட்டியைக் குறை சொல்ல மாட்டோம். நம் உம்மா உயிரோடு இருந்த காலத்தில் அவர்களும் வாரியலும் கையுமாகப் பல்லியைத் துரத்தியவர்களே. நபி இப்ராஹீம் (அலை) அவர்களை நெருப்பில் இட்டபோது, மற்ற உயிர்களெல்லாம் தணிக்க முயல, ஊதி வளர்த்தது அது என்று சிறு வயதில் அவர்கள் மடியில் கிடந்து கேட்டிருக்கிறோம். பின்னர் மத்ரஸாவில் ஓதியபோது, 'வஸக்' எனும் அப்பிராணியைக் கொல்லும்படி பணித்த நபிமொழியை ஸஹீஹுல் புகாரியிலேயே கண்டோம். அண்டை வீட்டாருக்கோ பல்லி சொல்லும் பிராணி. அது கூவும் திசைக்கும் விழும் இடத்துக்கும் பலன் எழுதிய பஞ்சாங்கம் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். சங்கப் பாடல்களிலும் பிரிந்தவன் வரவைப் பல்லியின் குரலில் எதிர்பார்க்கும் தலைவி உண்டு. ஒரே சுவரின் இருபுறமும் ஒரே பல்லி. ஒருபுறம் வாரியல், மறுபுறம் காது.

அன்றிரவே கிதாபுகளை எடுத்துப் புரட்டினோம். தமீரி எழுதிய 'ஹயாத்துல் ஹயவான்' நம்மிடம் பழைய பதிப்பாக இருக்கிறது. கெய்ரோவில் வாழ்ந்து ஹிஜ்ரி 808இல், அதாவது 1405இல், மறைந்தவர் அப்பெரியார். முதலில் தையல் தொழில் செய்து பின்னர் கல்வியில் புகுந்தவர். ஷாஃபி மத்ஹபின் அறிஞர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளில் உயிரினங்களை அகரவரிசைப்படுத்தி, பெயரின் இலக்கணம், இயல்பு, உண்ணலாமா கூடாதா எனும் சட்டம், பழமொழி, மருத்துவக் குணம், கனவில் கண்டால் பலன் என்று ஒவ்வொன்றையும் அவர் சொல்லிச் செல்லும் அழகே தனி. வஸக் என்னும் தலைப்பில், குங்குமப்பூ மணம் கமழும் வீட்டில் அது நுழைவதில்லை என்று எழுதுகிறார். குங்குமப்பூவை வாங்கிப் பரிசோதிக்கும் வசதி நமக்கு இதுவரை வாய்க்கவில்லை. குளிர்காலத்து நான்கு மாதங்களும் உணவின்றித் தன் பொந்திலேயே கிடக்கும் என்றும் சொல்கிறார். இந்த இரண்டாம் செய்தியைப் பிறகு நினைவுகூர வேண்டியிருந்தது.

தமீரி பேசுவது மனிதர் வீட்டிலும் சமையற்கட்டிலும் புழங்கும் பிராணியைப் பற்றி. சீனத்து மலைக்குகையில் வாழும், இமையுள்ள ஒன்றை அவர் கண்டிருக்க வழியில்லை. இது அதுதானா, அதன் சட்டம் இதற்கும் பொருந்துமா என்று தீர்ப்பளிக்க நாம் முஃப்தி அல்லோம். ஆனால் ஒரு பிராணியைப் பற்றிப் பேசுமுன் அதை இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டுமென்பது தமீரியிடமே நாம் கற்ற பாடம். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் நம் தெருவில் இருக்கிறார். படத்தைக் காட்டினோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டு, "இதை விற்கிறார்களா?" என்றார். அடுத்த ஒரு மாதம் நம் மாலை நேரங்கள் அவர் வீட்டுத் திண்ணையில் கழிந்தன.

அவர் சொல்லிக் கேட்டதையும், அவர் தந்த தாள்களில் படித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

அப்பல்லியின் பேரினத்துக்குக் கோனியூரோசாரஸ் என்று பெயர். படத்தில் இருந்தது அதன் லூயி என்னும் இனம். சீனர்கள் வீட்டுப் பல்லியைச் 'சுவர்ப்புலி' என்றும் இதை 'இமைப்புலி' என்றும் வழங்குகிறார்கள். பொருத்தமான பெயர். உலகத்துப் பல்லிகளில் பெரும்பாலானவற்றுக்கு இமை கிடையாது. கண்ணாடிச் சில்லு போன்ற மெல்லிய தோல் கண்ணை நிலையாக மூடியிருக்கும். அதில் தூசு படிந்தால் பல்லி தன் நாவை நீட்டித் துடைத்துக்கொள்ளும். நம் வீட்டுப் பல்லி அவ்வாறு செய்வதைப் பொறுமை உள்ளவர் எவரும் பார்க்கலாம். இமை திறந்து மூடும் பல்லிகள் ஒரு சிறு குடும்பம். பல்லிக் குலத்தின் பழைய கிளைகளுள் ஒன்று அது என்று கருதுகிறார்கள்.

காலிலும் வேறுபாடு உண்டு. வீட்டுப் பல்லியின் விரல் அடியில் கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றின் பற்றுதலால்தான் அது கண்ணாடியிலும் கூரையிலும் நடக்கிறது. இமைப்புலிக்கு அந்த வசதி அளிக்கப்படவில்லை. நகங்களால் பாறையின் சொரசொரப்பைப் பற்றி ஏறுகிறது. பளிங்குச் சுவரில் அதை விட்டால் வழுக்கி விழும். முட்டையும் அப்படியே. வீட்டுப் பல்லி இடுவது சுண்ணாம்பு போல் இறுகிய ஓடுள்ள முட்டை. கதவிடுக்கிலும் புத்தக அடுக்கிலும் உலர்ந்து கிடந்தாலும் பொரிக்கும். இமைப்புலி இடும் இரண்டு முட்டைகளும் தோல் போல் மென்மையானவை. ஈரமான மண்ணிலிருந்து நீரை உறிஞ்சித்தான் உள்ளே உயிர் வளர வேண்டும். ஈரம் வற்றினால் முட்டை சுருங்கிவிடும். ஆக, வீட்டுப் பல்லி மரக்கலம் ஏறி உலகமெல்லாம் குடியேறியதற்கும், இமைப்புலி தன் மலையைவிட்டு அகலாததற்கும் காரணம் காலிலும் முட்டையிலும் எழுதப்பட்டிருக்கிறது.

மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அது சுமார் 11 செ.மீ. நீளம். பகலெல்லாம் பாறை வெடிப்பின் ஆழத்தில் கிடக்கும். அந்தி கறுத்த பின், மழையீரம் உள்ள இரவுகளில், குகை வாயிலுக்கும் பாறைச் சரிவுக்கும் வந்து வெட்டுக்கிளி, சிலந்தி போன்றவற்றை வேட்டையாடும். குளிர் மாதங்களில் அதை வெளியே காண்பது அரிது. தமீரி சொன்ன நான்கு மாத உண்ணா நோன்பு இங்கே பொருந்தக் கண்டு மகிழ்ந்தோம். வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கிறது. பகை பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடும். வால் மீண்டும் முளைக்கும். ஆனால் அந்த வெள்ளை வளையங்கள் திரும்ப வருவதில்லை. குழம்பிய புள்ளிகளோடு, அவசரத்தில் ஒட்டுப்போட்டது போல இருக்குமாம். இளம் குட்டிகளின் மேனிதான் பட்டைகளில் பளிச்சென்று இருக்கும். வயது ஏற ஏற மங்கிவிடும்.

குகைவாசி என்றவுடன், கண்ணிழந்து வெளுத்துப்போன பிராணியை எண்ணிக்கொள்ள வேண்டாம். முற்றிருளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து கண்ணை இழந்த மீன்கள் உண்டு. இமைப்புலி அத்தகையதன்று. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட குகை முகப்பிலும் அதனை ஒட்டிய பிளவுகளிலும் வாழ்வது. பல்லிகளின் கண்ணோ வியப்புக்குரியது. நாம் இருளில் நிறம் அறியோம். நிலவொளியில் நமக்கு எல்லாம் சாம்பல். இரவில் திரியும் ஒரு வகைப் பல்லி, மங்கிய நிலவொளி அளவிலும் நிறங்களைப் பிரித்தறிகிறது என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் 2004இல் காட்டினார்கள்.

இவ்வினங்களுள் பல வாழும் நிலம் சுண்ணாம்புப் பாறை மலைகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான புளிப்பாகி, பாறையை அரித்து அரித்துக் குகையாக்குகிறது. கோடிக்கணக்கான மழைகளின் வேலை அது. தென் சீனத்துக் குவாங்சி மாநிலத்திலும் வட வியட்நாமிலும் இம்மலைகள் வயல்களுக்கு நடுவே தூண் தூணாக நிற்கின்றன. சீன ஓவியங்களில் பனிமூட்டத்துக்கிடையே காணும் ஊசி மலைகள் கற்பனை என்றே நாம் வெகுகாலம் எண்ணியிருந்தோம். ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. இந்த மலைப் பல்லி இடையிலுள்ள வயலைக் கடந்து அடுத்த மலைக்குப் போவதில்லை. அதனால் மலைக்கு மலை வேறுபட்டு, இன்று அறியப்பட்ட இனங்கள் இருபதுக்கும் மேல். ஹைனான் தீவில் உண்டு. வியட்நாமின் காட்பா தீவில் உண்டு. கடல் கடந்து ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலும் உண்டு. இடையே கிடக்கும் தைவானில் ஒன்றுமில்லை. அத்தீவுகள் நிலத்தோடு ஒட்டியிருந்த பழங்காலத்துக்குச் சான்றாக இந்தப் பல்லிகள் நிற்கின்றன என்கிறார் நண்பர்.

இத்தோடு நின்றிருந்தால் இது ஓர் இயற்கைப் பாடம். நம்மை உறங்கவொட்டாமல் செய்தது அடுத்துக் கேட்ட செய்தி.

லூயி இனத்துக்குப் பெயரும் இலக்கணமும் வகுத்து, அது கிடைத்த இடத்தையும் குறிப்பிட்டு, அமெரிக்க அறிஞர் லீ கிரிஸ்மரும் உடன் இருவரும் 1999இல் ஓர் ஆய்வுத் தாளை வெளியிட்டார்கள். அது அறிவுலக வழக்கம். எந்த இடத்தில் கிடைத்தது என்று சொல்லாத மாதிரி உயிர், ஏறத்தாழ இஸ்னாத் இல்லாத ஹதீஸைப் போன்றது. யாரிடமிருந்து கேட்டீர் என்ற வினாவுக்கு விடையில்லாவிட்டால் நம் முன்னோர் செய்தியை ஏற்கவில்லை அல்லவா? அவ்வாறே அவர்களும் இடத்தைச் சொன்னார்கள். அத்தாளை அறிவாளர் மட்டும் படிக்கவில்லை. அரிய பிராணிகளை வாங்கி வளர்ப்போருக்கு விற்கும் வணிகரும் படித்தார்கள். ஒரு பல்லியின் விலை 1,500 முதல் 2,000 அமெரிக்க டாலர்வரை ஏறிற்று. மலையில் ஆள் ஏறிற்று. சில ஆண்டுகளுக்குள், எந்த இடத்தின் பெயர் தாளில் அச்சாயிற்றோ அந்த இடத்தில் ஒரு லூயியும் மிஞ்சவில்லை.

இதை உலகுக்கு அறிவித்தவர் யார் தெரியுமா? அந்தக் கிரிஸ்மரே. 2006இல் 'சயன்ஸ்' இதழில் நால்வர் சேர்ந்து ஒரு மடல் எழுதினார்கள். நால்வரில் ஆண்டர்ஸ் ரோடின் என்பவர் 1994இல் இந்தோனேசியாவின் ரோட்டி எனும் சிறு தீவின் ஆமைக்குப் பெயரிட்டவர். அந்த ஆமையும் இயற்கையில் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. பிரையன் ஸ்டூவர்ட் என்பவர் 2002இல் லாவோஸ் நாட்டு நீர்ப்பல்லி ஒன்றுக்குப் பெயரிட்டவர். அவருடைய தாளையே வழிகாட்டியாகக் கையில் வைத்துக்கொண்டு வணிகர் அந்த ஓடைகளுக்குப் போனார்கள். ஆக, பெயர் சூட்டியவர்களே ஒன்றுகூடி, நாங்கள் சூட்டிய பெயர் இவற்றுக்குக் கேடாய் முடிந்தது என்று ஒப்புக்கொண்ட மடல் அது. அறிஞர்கள் தம் பிழையை அச்சில் ஒப்புக்கொள்வது எத்தனை அரிது என்பது கிதாபுகளுக்கிடையே வாழ்ந்த நமக்குத் தெரியும்.

அதன் பிறகு வழக்கம் மாறிற்று. 2015இல் ஹாங்காங்கைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் குவாங்சியிலிருந்து மேலும் இரண்டு இமைப்புலி இனங்களை அறிவித்தபோது, செதிலின் வரிசை உட்பட எல்லாவற்றையும் எழுதினார்கள். இடத்தை மட்டும் எழுதவில்லை. 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில், அரிய உயிர்களின் பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சீன, வியட்நாமிய இனங்கள் சேர்க்கப்பட்டன. 2021இல் சீனா இப்பேரினம் முழுவதையும் தன் காப்புப் பட்டியலில் இட்டது. 1999இல் வெளியான இடத்தின் பெயர் இன்றும் நூலகங்களில் இருக்கிறது. நண்பர் காட்டினார். நாம் அதை இங்கே எழுதப் போவதில்லை.

இவ்வளவையும் நம் மாணாக்கருக்குத் தொலைபேசியில் விளக்கினோம். மணி வாணிகர் அல்லவா, விலைக் கதை அவருக்கு உடனே விளங்கிற்று. "அரிதானால் விலை ஏறும், விலை ஏறினால் இன்னும் அரிதாகும் ஹஜ்ரத், கல்லிலும் அதுதான்" என்றார். ஆனால் அவர் மகன் தொலைபேசியை வாங்கிக்கொண்டான். சலாம் சொன்னான். பிறகு கேட்டான்:

"கேட்கப்பட்ட அறிவை மறைத்தவனுக்கு மறுமையில் நெருப்புக் கடிவாளம் என்று நீங்கள்தான் ஓதிக் கொடுத்தீர்களாம், வாப்பா சொல்வார்கள். அப்படியானால் இடத்தைச் சொல்லாமல் மறைத்தவர்கள் செய்தது தவறா ஹஜ்ரத்? சொன்னவர்கள் செய்தது சரியா?"

நாம் விடை சொல்லவில்லை. பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது, பிறகு பேசுவோம் என்றோம். பாங்குக்கு அரைமணி நேரம் இருந்தது.

அவன் கேட்டது நம்மைத் தைத்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. இதுவரை எவரிடமும் நாம் சொன்னதில்லை. நமக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வேறோர் ஊரின் மத்ரஸாவில் ஓதிக் கொடுத்து வந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். அங்குள்ள பழைய பள்ளிவாசலின் மினாராவில், ஒலிபெருக்கி வந்தபின் எவரும் ஏறாத படிக்கட்டின் மேல் திருப்பத்தில், கூகை இணையொன்று குஞ்சு பொரித்திருந்தது. இரவில் அவை எழுப்பும் குரல் கேட்டுப் பிள்ளைகள் நடுங்கினார்கள். சாவு விழும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாம் வகுப்பில் அதைப் பாடமாக்கினோம். கொலையுண்டவன் தலையிலிருந்து ஒரு பறவை எழுந்து அலறும் என்று அறியாமைக் காலத்து அரபியர் நம்பியதையும், அப்படி ஒன்றுமில்லை என்று நபிகளார் (ஸல்) மறுத்ததையும் விளக்கினோம். அத்தோடு விட்டிருக்கலாம். பிள்ளைகளை நான்கு பேராக மேலே அழைத்துச் சென்று, வெள்ளை நெஞ்சும் இதய வடிவ முகமுமாக நின்ற அக்குஞ்சுகளைக் காட்டினோம். எத்தனை எலி தின்னும் என்று கணக்கும் சொன்னோம். அச்சம் போயிற்று; பிள்ளைகள் பெருமையோடு ஊரெல்லாம் சொன்னார்கள். நாமும் உள்ளூர மகிழ்ந்தோம்.

பத்து நாட்கள் சென்றன. ஒரு வைகறையில் மேலே ஏறிப் பார்த்தபோது குஞ்சுகள் இல்லை. படியில் சில இறகுகளும் சாக்குத் துணியின் நூலும் கிடந்தன. செய்வினைக்காரர்கள் கூகைக்கு விலை கொடுப்பார்கள் என்பதைப் பிறகு ஒருவர் சொல்லி அறிந்தோம். எடுத்தவன் யார் என்று தெரியாது. காட்டிக்கொடுத்தவர் யார் என்பது தெரியும். மூடநம்பிக்கையை ஒழிக்கச் சொன்ன பாடம், மூடநம்பிக்கைக்காரனுக்கே வழி காட்டிற்று.

கிரிஸ்மரின் மடலைப் படித்தபோது அந்த நூல் நம் கண்முன் வந்தது.

கஹ்ஃப் அத்தியாயத்தை வெள்ளிதோறும் ஓதுகிறோம். குகையில் துயில்கொண்ட இளைஞர்கள் விழித்து, ஒருவரை வெள்ளிக் காசோடு நகருக்கு அனுப்புகிறார்கள். உணவு வாங்கி வா, ஆனால் நம்மைப் பற்றி எவருக்கும் தெரியாதபடி நடந்துகொள் என்பது அவர்கள் கூறிய எச்சரிக்கையின் கருத்து. பழைய காசு கடைத்தெருவில் அவர்களைக் காட்டிக்கொடுத்த கதையை விரிவுரையாளர் சொல்வர். நாற்பது ஆண்டுகளாக ஓதியும், அந்த எச்சரிக்கையில் நாம் நின்று நிதானித்ததில்லை. மறைத்துக்கொள் என்று சொன்னவர்கள் அறிவிலிகள் அல்லர், நல்லடியார்கள்.

அப்படியானால் மறைப்பதே சரி என்று எழுதி முடித்துவிடலாமென்றால், நண்பர் விடவில்லை. மலேசியாவுக்கு அழைத்துச் சென்றார், திண்ணையில் இருந்தபடியேதான். பேராக் மாநிலத்தில் ஈப்போ நகருக்கு அணித்தே காந்தான் என்றொரு சுண்ணாம்பு மலை உண்டு. நம் தமிழ் மக்கள் தலைமுறைகளாக வாழும் வட்டாரம். அம்மலையின் ஒரு பகுதியைச் சிமெண்டுக்காக வெடிவைத்து உடைத்து வந்தார்கள். 2014இல் அம்மலைக் குகையில் கண்ட வளைவிரல் பல்லியொன்றைப் புதிய இனமென்று அறிவித்தார்கள். அதை அறிவித்த குழுவின் தலைவரும் அதே கிரிஸ்மர். இம்முறை அவர் இடத்தை மறைக்கவில்லை. குகைக்கு மலாய் மொழியில் 'குவா'. அப்பல்லியின் இலத்தீன் பெயருக்குள்ளேயே குவா காந்தான் என்று இடத்தைப் பதித்துவிட்டார். காரணம் வெளிப்படை. பல்லி பிடிப்பவன் குகையிலிருந்து பல்லியைக் கொண்டுபோவான். வெடிவைப்பவன் குகையையே கொண்டுபோவான். அங்கே ஓர் உயிர் இருக்கிறதென்று எவருக்கும் தெரியாவிட்டால், அது போனதும் எவருக்கும் தெரியாது. ஒரே மனிதர், பதினைந்து ஆண்டு இடைவெளியில், ஒரு மலையின் பெயரைச் சொன்னதற்கு வருந்துகிறார். மற்றொரு மலையின் பெயரை உரக்கச் சொல்கிறார். இரண்டும் முரண் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஓதிக் கொடுப்பவன் எதையும் ஒளிக்கக்கூடாது என்ற எண்ணத்திலேயே வளர்ந்தவர்கள் நாம். கேட்பவனுக்குத் தேவையான மார்க்க அறிவை மறைப்பதே நபிமொழியில் கண்டிக்கப்பட்டது என்று அறிஞர் விளக்கியிருப்பதை அறிவோம். அதையும் அச்சிறுவனிடம் சொன்னோம். ஆனால் அந்த விளக்கத்தின் பின்னால் நாம் மறைந்துகொள்ள விரும்பவில்லை. அடுத்த வெள்ளியன்று நாமே அழைத்து, மினாரா நிகழ்ச்சியை முழுவதும் அவனிடம் கூறினோம். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கூகை திரும்பி வந்ததா?" என்று மட்டும் கேட்டான்.

பல்லி வாங்கும் செய்திக்கு நாம் சொன்ன விடை சுருக்கமானது. இப்பிராணியின் தீட்டோ பாவமோ பற்றி நாம் பேசவில்லை. கடைக்காரர் இது பண்ணையில் பிறந்ததென்கிறார். எந்தப் பண்ணை, எந்தத் தாளில் பதிவு என்று காட்டுவாரானால் பிறகு பேசுவோம் என்றோம். தந்தை கேட்டுப் பார்த்தார். கடைக்காரர் அன்று நாளை என்றார். மறுவாரம் பெட்டியே அங்கில்லை. வேறெவரோ வாங்கிப் போயிருக்கலாம். இந்த ஒன்று காப்பாற்றப்பட்டது என்று சொல்லிக்கொள்ள நமக்கு இடமில்லை. மூதாட்டி வென்றுவிட்டதாக எண்ணி உணவருந்தினார். பேரன் தங்கள் அடுக்குமாடி நடைவழிச் சுவரில் விளக்கடியில் வரும் சாதாரணப் பல்லிகளைக் கணக்கெடுக்கிறானாம். தேதி, நேரம், மழையா குளிரா என்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறான். வாரியலோடு வரும் வாப்பும்மாவிடமிருந்து அவற்றைக் காப்பது அவனுக்குத் தனி வேலை என்று தந்தை சிரிக்கிறார்.

அவனுடைய கேள்விக்காகவே, கடந்த ஷஅபான் மாதத்தில் நாம் அந்தப் பழைய ஊருக்கு ஒருமுறை போய்வந்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. முஅத்தின் புதியவர், இளைஞர். அஸர் தொழுகைக்குப் பின் மினாராவைச் சுற்றி நடந்தபோது, அடிச்சுவரில் வெண்ணிற எச்சம் வழிந்திருக்கக் கண்டோம். கீழே எலி மயிரும் எலும்பும் உருண்ட சில உருண்டைகள் கிடந்தன. முஅத்தின் நம்மைப் பார்த்தார். நாமும் அவரைப் பார்த்தோம். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அந்நேரம் நிர்வாகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வந்து, மினாராக் கதவு ஏன் எப்போதும் பூட்டியே கிடக்கிறது என்று கேட்டார். மேலே படி உடைந்திருக்கிறது, பிள்ளைகள் ஏறி விழுந்துவிடக்கூடாது என்று முஅத்தின் விடையளித்தார். படி உடைந்திருப்பது மெய்தான். நாம் ஏறிய காலத்திலேயே உடைந்திருந்தது.